சீழ் வைத்த விரல்

அன்பு மகள் மாரித்துக்கு, அம்மா எழுதுவது. அலாஸ்கா குளிரில் உனக்குச் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வராததால்தான் இத்தனை நாள் தாமதம், கோபித்துக்கொள்ளாதே, நீ வேலை பார்க்கும் நண்டு பிடிக்கிற கப்பலுக்குப் போனும் போகவில்லை.

அப்பாவுக்குப் புற்றுநோய் மருந்து மூன்றாவது தடவை ஏற்றிய மறுவாரம், சொன்ன பேச்சைக் கேட்காமல் தொழுவத்துக்குப் போய் வேலிக்கம்பியில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார். நான்தான் கழுவிக் கட்டினேன். மறுநாள் பிரித்தால் சிவப்பில்லை, வீக்கமில்லை, சொட்டுச் சீழில்லை. முப்பது வருஷம் பசுக்களைப் பார்த்த கண் இது, பால் திரிந்து வந்தால் மடியில் நோய், தெளிவாக வந்தால் கவலையில்லை. விரலையும் அப்படியே பார்த்து, சுத்தமாக ஆறுகிறது, ஆஸ்பத்திரி எதற்கு என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் உடம்பு தூக்கிப் போட்டது, ஜுரம் நூற்று மூன்று, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

உன்னோடு படித்த பிரெண்டாதான் அங்கே நர்ஸ். "சீழ்னா என்ன ஆன்ட்டி, கிருமியோட சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுதானே? மருந்து அதையும் சேர்த்துக் கொன்னுடுச்சு. சண்டை போடவே ஆளில்லாதப்ப சீழ் எங்கேர்ந்து வரும்?" என்றாள். பாவி, நோய் வந்த மடியில் பால் திரிவதும் அதே அணுவால்தானே, எனக்கு உறைக்கவில்லையே. கிருமி தடுப்பாரில்லாமல் ரத்தத்துக்கே போய்விட்டது.

ஒன்பது நாள் அவர் கட்டிலருகே நாற்காலியிலேயே கிடந்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று. பக்கத்துப் பண்ணை கோர்டிதான் பால் கறந்தான். தினமும் காலையில் ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணுவார்கள், தினமும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்பா மட்டும், "என் ஆளுங்க எல்லாரும் மான் வேட்டைக்குப் போயிட்டானுங்க போல" என்று சிரிப்பார், எனக்குச் சிரிப்பு வராது. நேற்று கொஞ்சம் ஏறியது. இன்று கட்டுப் பிரித்தபோது விரல் சிவந்து வீங்கியிருந்தது, ஓரத்தில் மஞ்சளாக ஒரு துளி. "ஐயோ, மெதுவா, வலிக்குது!" என்று கத்தினார். அந்தத் துணியைக் குப்பையில் போட மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் மாரித்.

உனக்கு நண்டு முள் குத்தினால் அலட்சியம் வேண்டாம், உடனே காட்டு. கையுறையைக் காயவைத்துப் போடு. கர்த்தர் உன்னைக் கரை சேர்ப்பார். துறைமுகம் வந்ததும் அப்பாவுக்குப் போன் செய். தன் பிடிவாதத்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வரத் தாமதமாயிற்று என்று டாக்டரிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்வார். நம்பாதே.

களைத்துப்போன உன் அம்மா,
சிக்ரிட்