அது கங்கைத் தண்ணீர் இல்லை

தம்பி,

இன்று காலை அம்மாவின் சாமி அலமாரியைத் துடைக்கும்போது நீ கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் கையில் பட்டது. ஒரு குலுக்குக் குலுக்கினேன். அடியில் படிந்து கிடந்த சாம்பல் நிற வண்டல் எழுந்து பாட்டில் முழுக்கக் கலங்கியது. அது தெளியும்வரை அலமாரி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

பட்டாளத்திலிருந்து கடைசியாக லீவில் வந்தபோது நீ கொண்டுவந்தது. அம்மா அதைக் கங்கை என்று நினைத்து, வாங்கிய கையோடு தலையில் தெளித்துக்கொண்டாள். "எம்மா, இது கங்கை இல்ல. நாங்க காவல் நிக்கிற பனியாத்துல இருந்து உருகி வார ஆத்துத் தண்ணி. இது சிந்துவுக்குப் போகுது" என்று நீ சொல்லச் சொல்ல, எனக்கும் தெளித்தாள். அவளுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். போனில் ஒவ்வொரு முறையும் "தலையில துண்டு கட்டிக்கோய்யா" என்பாள். நீயும் மூச்சு வாங்க, "கட்டியிருக்கேம்மா" என்பாய்.

நான் மட்டும் என்ன கெட்டிக்காரி? பள்ளியில் பனியாறு என்று படித்ததை, தண்ணீர் ஓடும் ஆறு என்றே நினைத்திருந்தேன். "பனியேதான் நகருதுக்கா. கண்ணுக்குத் தெரியாது. எதை முழுங்குனாலும் என்னைக்காவது கீழ ஆத்துக்கிட்ட கொண்டுவந்து போட்டிரும்" என்றாய்.

"எம்புட்டு மெதுவா நகரும்?"

"நீ பேண்டேஜ் கம்பெனி வேலைக்குக் கிளம்புத மாதிரி."

உன்னை அடிக்கத் துரத்தினேன்.

அந்தப் பனி சரிந்து உன்னை மூடி மூன்று வருடமாகிறது. தேடினார்கள், கிடைக்கவில்லை. நீ இல்லை என்பது எனக்குத் தெரியும்; நான் பைத்தியக்காரி இல்லை. ஆனால் போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியப்பா வந்தார். தர்ப்பைப் புல்லில் உன் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடிக்க வேண்டுமாம்.

"முடிக்காம வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாது. உன் மகளுக்கு எப்படி நல்லது நடக்கும்? அந்தக் கங்கைத் தண்ணிய எடு, தெளிக்கணும்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "அது கங்கை இல்ல, பெரியப்பா. புல்லு என் தம்பியும் இல்ல. அவன் கீழ இறங்கி வந்துக்கிட்டிருக்கான். புல்லை எரிச்சு அவன் கதைய முடிக்க விடமாட்டேன்."

"பொம்பள பேசுத பேச்சா இது?" என்று எழுந்துவிட்டார்.

அம்மா என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே திரும்பினேன். உன் துண்டை மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "எம்புள்ள வரட்டும். வந்தபொறவு எரிக்கலாம்" என்றாள்.

பெரியப்பா காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். போகட்டும்.

பனி நகரும் வேகத்துக்கு, நீ வந்து சேரும்போது நானோ அம்மாவோ இருக்க மாட்டோம். அதனால் என் மகளிடம் பாட்டிலைக் காட்டி, அந்த ஆற்றின் பெயரையும் உன் பட்டாள நம்பரையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எத்தனை வருடம் ஆனாலும் சரி, நீ மெதுவாகவே வா. கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கிக்கொள்ள இந்த வீட்டில் ஆள் இருக்கும்.