சாய்ப்பில் இருந்தவள்

8 ஆகஸ்ட் 1974

காலையில் எழுந்ததும் முதலில் கையுறைகளை வேகவைத்தேன். காபிகூட அதற்குப் பிறகுதான். இருப்பது ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு. பின்னால் காய்ச்சுகிற பாலிலும் ரப்பர் வாசனை வந்துவிடும். பழகிவிட்டது. கையுறைகளைக் கழுவி, விரல்கள் கீழே தொங்கும்படி கொடியில் போட்டேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வேலியோரம் நின்று, "நர்சம்மா ஊட்டுக் கொடில மாட்டு மடி காயுதுடோய்" என்று கத்திவிட்டு ஓடினார்கள்.

ஒன்பது மணிக்கு மருதாத்தாள் வந்தாள். காளிச்சாமியின் மனைவி. போன தை மாதம் ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், அடிவயிற்றை முஷ்டியால் அமுக்கிப் பிடித்தபடியே சித்தூர் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனேனே, அவள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் அவளிடமே சொல்லி அனுப்பினார். சித்திரையில் அவளுக்குக் கருத்தடை லூப் போட்டேன். வீட்டில் ஓர்ப்படி சாந்தம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இதை எடுத்துப் போடுங்க நர்சம்மா."

வலிக்கிறதா என்றேன். இல்லையாம். ரத்தம் போவதுதான். முதல் சில மாதம் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று முன்பே சொன்னேனே என்றேன்.

"நீங்க சொல்லிப் போட்டீங்க. மாசத்துல பாதி நாள் நானில்ல சாய்ப்புல கெடக்கறன்!"

மாதவிலக்காகித் தூரமானால் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். ரத்தம் நிற்கும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது. கைக்குழந்தையைக்கூடத் துணியெல்லாம் கழற்றிவிட்டுத்தான் பால் குடிக்கக் கொண்டுவந்து விடுவார்கள். மற்றவர்களுக்கு மூன்று நாள். இவளுக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. மாமியார் சுப்பாத்தாள், "இது என்னடி, ஊரு ஒலகத்துல இல்லாத தூரம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாளாம்.

வீக்கம், தொற்று, வலி என்று எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். இதை யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும் என்று.

இரும்பு மாத்திரை கொடுத்து, இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று அனுப்பினேன்.

21 ஆகஸ்ட்

எனக்கு இந்த மாதமும் வரவில்லை. நாற்பத்தைந்து வயது. நின்றேவிட்டதோ? அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் நான் தூரமா இல்லையா என்று கவனிக்க ஒருவரும் இல்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா?

11 செப்டம்பர்

மறுபடி மருதாத்தாள். இன்றைக்கு எடுத்துவிடச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"எங்கத்தைகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அது தூரமில்ல, உள்ள புண்ணு, அதுல வார ரத்தம்னு. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க. லூப்பப் பத்திப் பேச வேண்டாம். புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஊட்டுக்குள்ள போயிர்றன்."

எனக்குச் சுருக்கென்றது. தூரமில்லை என்று சொன்னால், தூரம் என்று ஒன்று உண்டு, தூரமானவளை வெளியே தள்ளலாம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? இன்டர்மீடியட் பரீட்சையில் ஒரு தாளை எழுதவிடாமல் அம்மா என்னைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தாள். அடுத்த வருஷம்தான் எழுதினேன். தீட்டு என்ற சொல்லை உண்மைபோல என் வாயால் சொல்வதில்லை என்று அன்று தீர்மானித்தவள் நான்.

"பொய் எதுக்கு? நான் வந்து நியாயத்தைப் பேசறேன்" என்றேன்.

"நியாயமெல்லாம் வேண்டாமுங்க" என்றாள்.

12 செப்டம்பர்

போனேன். பேசினேன். உடம்பு எப்படி வேலை செய்கிறது, இதில் அசுத்தம் எதுவும் இல்லை, இரும்புச்சத்துக் குறைந்தவளை ஈரத்தரையில் படுக்கவிடலாமா என்றெல்லாம். நன்றாகத்தான் பேசினேன். சுப்பாத்தாள் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க படிச்சவீங்க. உங்க ஊட்டுல எப்படி வேணாலும் இருந்துக்குங்க. எங்கூட்டு நடுவுல கொலசாமி கருப்பராயன் இருக்கறான். அவனுக்கும் பி.ஏ. பாடம் எடுப்பீங்களா?"

சாந்தம்மாள் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. சாய்ப்பில் மருதாத்தாள் சிரிக்கவில்லை. நான் அந்தப் பக்கமாக வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

20 செப்டம்பர்

லூப்பை எடுத்துவிட்டேன். அவள் உடம்பு, அவள் கேட்டாள். மறுக்க எனக்கு என்ன உரிமை?

காளிச்சாமி குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளட்டும் என்றேன். "கெணத்துல எறங்கி வேல செய்யற ஒடம்புங்க, ஒத்துக்க மாட்டாரு" என்றாள். நிரோத் ஆணுறைப் பொட்டலங்கள் கொடுத்தேன். வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வழியில் வாய்க்காலில் போட்டிருப்பாள்.

போகும்போது, "இன்னைக்கு அடுப்புப் பத்த வெப்பனுங்க" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். அதுதான் என்னை உறுத்துகிறது. எத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன்!

14 ஜனவரி 1975

பொங்கல். தெருவெல்லாம் கோலம். மருதாத்தாள் வாசலில் நின்றவள், என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

17 மார்ச்

செபமாலையம்மாள்தான் சொன்னாள். என் சுகாதார நிலையத்து ஆயா. இந்தத் தெருக்களில் நான் நுழைய முடியாத வீட்டுக்குள்ளும் அவள் நுழைந்துவிடுவாள். "அந்த மருதாத்தா புள்ள முழுகாம இருக்குதுங்க. முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டுத் திரியுது."

ஓடினேன். ஆறு மாதம்.

கருக்கலைப்புச் சட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அவள் சம்மதம் ஒன்றே போதும், கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இனி முடியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதாங்க."

என்மேல் பயம். மாமியாரிடம் இருக்கிற அதே பயம் என்னிடமும். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அவள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

2 ஜூன்

ரத்தம் ஏறவே இல்லை. கண் இமையைத் தாழ்த்தினால் காகிதம் மாதிரி வெளுப்பு. நாள் நெருங்கியதும் சித்தூரில் சேர்த்துவிட வேண்டும். காளிச்சாமி சரி என்றிருக்கிறான்.

19 ஜூன்

மருதாத்தாள் போய்விட்டாள்.

மத்தியானம் ஆள் வந்தது. நாள் இருக்கும்போதே வலி. நான் போகும்போது குழந்தை பிறந்திருந்தது, பெண். அழுதுகொண்டிருந்தது. அதற்குக் கீழே பாய் முழுக்க... போன தடவை பிடித்த மாதிரியே பிடித்தேன். அதே இடம், அதே கை. ஊசி போட்டேன். மாட்டு வண்டியில் ஏற்றினோம், கொழிஞ்சாம்பாறை போனால் டாக்சி கிடைக்கும் என்று. மழை. காளிச்சாமி இறங்கி மாட்டுக்கு முன்னால் ஓடினான். கை மரத்துப்போனது, எடுக்கவில்லை. "குளுருதுங்க" என்றாள். அப்புறம் பேசவில்லை.

கொழிஞ்சாம்பாறை வரைகூட வரவில்லை.

ஏன்டி எங்கிட்ட மறைச்சே? நான் என்ன அடிக்கவா போறேன்? ஒரு வார்த்தை கேட்டியே, ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா என் வாய் வெந்தா போயிருக்கும்?

20 ஜூன்

புடவையை நான்கு தடவை அலசினேன்.

30 ஜூலை

நிலையத்துக்குச் சுப்பாத்தாள் வந்தாள். தோளில் மருதாத்தாளின் குழந்தை. பின்னால் சாந்தம்மாள். குழந்தை தேறிவிட்டது, ஆட்டுப்பால்தான். எடை போட்டேன்.

சாந்தம்மாளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சின்னவ எல்லாத்தையும் சொல்லிப் போட்டா. பெரியவளுக்கு என்னமோ உள்ள வச்சு உட்டீங்களாமா. அப்ப நிக்காமப் போச்சே ரத்தம், அது தூரமுங்களா, புண்ணுங்களா?"

அவள் என்னைப் பார்க்காமல் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"சாய்ப்பு ஒழுகுதுங்கத்தைன்னா. தூரத்துல இருக்கறவளுக்கு என்ன பவுசு, ஓரமாப் படுன்னு சொல்லிப் போட்டன். அதைத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கறன்."

குழந்தை சிணுங்கியது. எழுந்து நின்று தட்டிக்கொடுத்தாள்.

"சின்னவளுக்கும் அதையே வச்சு உடுங்க. ரண்டு பெத்துட்டா, போதும். இன்னொருத்தியத் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பில்லீங்க. ஆனா தூரம்னா வெளியதான். அதை மாத்திக்க எனக்குத் தைரியமில்ல. அது தூரமா புண்ணான்னு நீங்க தெளிவாச் சொல்லிப் போடுங்க. நாளானிக்கு வர்றன்."

31 ஜூலை

நாள் முழுக்க இதே யோசனை.

தூரம் என்று சொன்னால், பெரியவளுக்குச் செய்தது முறைதான் என்று அந்தக் கிழவி கொஞ்சம் தூங்குவாள். ஆனால் சாந்தம்மாள் சாய்ப்புக்குப் போவாள். இரண்டு மாதம் தாங்குவாள். பிறகு வந்து எடுக்கச் சொல்வாள்.

தூரமும் இல்லை, தீட்டும் இல்லை, எல்லாம் உங்கள் மூடத்தனம் என்று மறுபடியும் சொல்லலாம். அதைச் சொல்லி என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது.

புண் என்று சொன்னால் சாந்தம்மாள் வீட்டுக்குள் இருப்பாள். லூப் உள்ளே உறுத்துவதால்தான் அந்த ரத்தம், பெரிய பொய்யுமில்லை. ஆனால் வெளியே வைக்கத் தேவையே இல்லாதவளை ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுக்க வைத்தோம் என்பது கிழவிக்குத் தெரிந்துவிடும். அதோடு அவள் எப்படி இருப்பாள்?

சாயங்காலம் கொடியிலிருந்து கையுறைகளை எடுக்கும்போது முடிவு செய்தேன். புண் என்றுதான் சொல்வேன். கூடவே இன்னொன்றும்: அது அப்போதே எனக்குத் தெரியும், உங்களிடம் சொல்லச் சொல்லி மருதாத்தாள் கேட்டாள், நான்தான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தக் கிழவி திட்டட்டும். காளிச்சாமிக்குத் தெரிந்தால் இந்தத் தெருவுக்குள் என்னை விடமாட்டான். மேலே எழுதிப் போட்டு மாற்றச் சொன்னாலும் சொல்வான். அதற்குள் சாந்தம்மாளுக்கு முடித்துவிட வேண்டும்.

செபமாலையம்மாள் போகும்போது, "என்னங்கம்மா, ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்றாள். கையுறைகளுக்குள் ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவி, ஜோடி சேர்த்து வைத்தேன். நாளைக்கு விடிந்ததும் மறுபடியும் வேகவைக்க வேண்டும்.