அக்காவுக்கு வைத்த கல்

ஜெயபுரம்,
14.06.1998, ஞாயிறு, பிற்பகல் 3.40.
நீ போய் 412 நாள்.

அன்பு மகள் தர்சினி,

நான், அம்மா, தம்பி மூவரும் உயிரோடு இருக்கிறோம், இந்தக் கிழமை காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. நீயும் கமலாட்சி அத்தையும் இதைவிட நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தானே உன்னை வவுனியாவுக்கு அனுப்பினேன். உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டரைப் பக்கம், தம்பிக்கு ஒரு பக்கமும் ஒரு யானைப் படமும், எனக்கு அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கோ என்று ஒரு வரி. ஓகஸ்ட் லீவுக்கு வரமாட்டேன் என்பதையும் அம்மாவுக்குத்தான் எழுதியிருக்கிறாய், காரணம் எழுதவில்லை. அம்மா மூன்று தரம் வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் முழுதாகப் போகவில்லை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் இங்கே நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும், அம்மா சொன்னால் எனக்காக இனிப்புப் பூசிச் சொல்லுவா, அதனால் நானே எழுதுகிறேன்.

போன மாதம் முன்பள்ளிக் குழாய்க்கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். பம்பியின் உள்ளே இருக்கிற தோல் வாஷர் தேய்ந்துவிட்டது. புதியது வவுனியாவில் கிடைக்கும், ஆமிக்காரர் தடை போட்டு இங்கே வர விடமாட்டார்கள், பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி எண்ணெயில் ஊறப் போட்டேன். அது ஊற ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் சிவனேஸ்வரி ரீச்சர் என்னைப் பிடித்துப் பெற்றார் வகுப்பில் இருத்திவிட்டா. சின்னப் பிள்ளைகளோடு எப்படி விளையாடுவது என்று தாய் தகப்பனுக்குப் படிப்பிக்கிற வகுப்பு. இருபத்திரண்டு தாய்மார், தகப்பன் நான் ஒருவன். பக்கத்துக் காணிக் கணபதி வேலிக்கு வெளியே நின்று, பிள்ளையோட விளையாடுறதுக்கும் டிப்ளோமா எடுக்கிறியோடா என்று கேட்டான், அத்தனை பேரும் சிரித்தார்கள். ஷெல் சத்தத்துக்குள் இருக்கிற சனத்துக்கு விளையாட்டு வகுப்பு ஒரு கேடா என்று நானும் ரீச்சரிடம் நேரே கேட்டேன். அவா குரலை உயர்த்தவில்லை. ஓம், ஷெல்லை என்னால நிப்பாட்டேலாது, நீங்கள் பிள்ளையை ஏசிறதைப் பத்து நிமிசம் நிப்பாட்டலாம்தானே என்றா.

விதி இவ்வளவுதான். நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை சொல்லுகிற விளையாட்டை விளையாட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, இப்படிச் செய் என்று சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது. அவன் செய்வதைப் பார்த்துச் சொல்லலாம், நல்லதைக் கண்டால் நல்லது என்று சொல்லலாம். இதற்கு ஒரு வகுப்பா என்றுதான் நினைத்தேன். தம்பியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் என்னைச் செய்யச் சொன்னா. நிரோஜன் கூப்பனுக்கு மா, சீனி கொடுக்கிற சங்கக்கடையை விளையாடினான். கற்களை ஆட்களாக வரிசையில் வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூவரசம் இலை கூப்பன் காட். ஒரு கல்லை மட்டும் வரிசைக்குப் புறம்பாக நிழலில் வைத்தான். இது அக்கா, அவவுக்குக் காட் இல்லை, எல்லாரிட்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக் குடுப்பம் என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா. வரிசை வளைந்திருக்குது என்று நேராக்கினேன். முதலில் மாவா சீனியா கொடுக்கிறது என்று கேட்டேன். காட் இல்லாத ஆள் சங்கக்கடைக்கு வரேலாது, அக்கான்ர பேரை வெட்டியாச்சு என்று சொல்லி அந்தக் கல்லை எடுத்து அப்பால் எறிந்தேன். நீ வவுனியாவுக்குப் போன அதே கிழமையில் கூப்பன் காட்டில் உன் பெயரை வெட்டுவித்ததும் நான்தான், அது ஒழுங்கு, ஆள் இல்லாமல் பங்கு எடுக்கக் கூடாது. ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு அதையா சொல்வது. அவன் அழவில்லை. மிச்சக் கற்களைப் பொறுக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ரீச்சரின் கதிரைக்குப் பின்னால் போய்விட்டான். நான் சொன்னதையெல்லாம் எண்ணி ரீச்சர் எழுதி வைத்த துண்டைத் தந்தா. கேள்வி 19, கட்டளை 11, திருத்தம் 8, நல்ல சொல் 0. கணக்குப் பிழை என்று சொல்லப் பார்த்தேன், பிழை இருக்கவில்லை.

வீட்டில் அம்மா துண்டைப் பார்த்துவிட்டு, பம்பியைப் பிரிக்கிற மாதிரிப் பிள்ளையளையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாருங்கோ என்றா. அதற்குப் பிறகுதான் நீ பப்பாசிக் குழலில் செய்த விளையாட்டுப் பம்பியை எடுத்துச் சொன்னா. கிளிநொச்சி வீட்டில், உனக்கு ஏழு வயது. காற்றுப் போகிறது, இது ஒருநாளும் இறைக்காது என்று சொல்லி நான் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, றப்பர் குழாயில் வால்வ் வைத்துச் சரியான ஒன்று செய்து தந்தேன். அது உண்மையாகத் தண்ணீர் இறைத்தது. எத்தனையோ பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். நீ அதை ஒருநாளும் தொடவில்லை என்று அம்மா இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து வருடம் இது எனக்குத் தெரியாது.

இப்போது தினமும் பத்து நிமிடம் செய்கிறேன். நேற்றுக் கேள்வி 3, கட்டளை 2, திருத்தம் 0, நல்ல சொல் 4, அதில் இரண்டு அம்மா கண்ணைக் காட்டியதால் சொன்னது. இதில் சந்தோசப்பட ஒன்றுமில்லை. நான் பக்கத்தில் குந்தினால் அவன் இன்னும் கற்களை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறான். அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் நீ ஏன் காரணம் எழுதவில்லை என்று விளங்கியது. வவுனியாவுக்குப் போகமாட்டேன் என்று நீ சொன்னபோது நான் பஸ் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம், அங்கே ஒழுங்கான பள்ளிக்கூடம், முடிவு சரி, இன்றைக்கும் அதையேதான் செய்வேன். உன்னைக் கேட்காமல் செய்தது பிழை. இரண்டையும் ஒன்றாக்கிக் கதைக்க எனக்குத் தெரியாது.

மலேரியாக் குளிசையை இடையில் நிறுத்தாதே. அத்தைக்கு முழங்கால் நோ, தண்ணீர் நீ அள்ளிக் கொடு. எந்தக் குறையும் அணுகாமல் நீ நீடு வாழ வேண்டும், பிள்ளையார் துணை.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை, வெளியே போக அனுமதி தருகிற பாஸ் கந்தோருக்குப் போய், ஓகஸ்டில் மூன்று நாளுக்கு என் பெயரில் விண்ணப்பம் கொடுப்பது.
2. கிடைத்தால் வவுனியாவுக்கு வருவது. ஒரு நாள்தான் என்றாலும் வருவது.
3. அத்தை வீட்டில் நீ காட்டுகிற இடத்தில் பத்து நிமிடம் இருப்பது. பன்னிரண்டு வயதில் விளையாடமாட்டாய், வாசித்தால் வாசி. எத்தனை மார்க்ஸ் என்று கேட்பதில்லை.
4. நீ கதைக்காவிட்டால், நேரம் முடிய எழும்புவது. அடுத்த நாளும் வந்து இருப்பது.
5. வீட்டுக்கு வா என்று ஒரு தரமும் சொல்லாமல் திரும்புவது. பிள்ளை ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டால், நான் கூப்பிடவில்லை என்று சொல்வது.

இப்படிக்கு,
அப்பா
வீ. குகதாசன்