பை வீட்டிலேயே இருக்கட்டும்

என்னங்க,

நீங்கள் வாக்கிங் முடித்து வருவதற்குள் குன்றத்தூர் மலைக்கோவிலுக்குக் கிளம்பிவிட்டேன். தனியாக, பஸ்ஸில். நேற்று, "மலை மேல அவசரம்னா எங்க ஓடுவ ரோஹிணி? பேசாம விட்டுடு" என்றீர்களே, அதற்கு இதுதான் பதில்.

பித்தப்பையை எடுத்ததிலிருந்து என்னைப் பாத்ரூமுக்குத் துரத்திய குற்றவாளி யார்? நீங்கள் சொன்ன மனபயம் இல்லை. ஓட்டல் சாம்பாரும் இல்லை. பித்தநீர்! உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் குடலில் ஓடவிட்டிருக்கிறது. அதைப் போய் டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு ஆரஞ்சு வாசனைப் பொடி பிடித்துக் கட்டிப்போடுகிறது! தொண்டையில் மணல் மாதிரி இறங்குகிற பொடிக்கு இவ்வளவு சக்தியா? இந்த வாரம் முழுக்கக் காலையில் ஒரே ஒரு தடவைதான். இன்னும் நம்ப முடியவில்லை.

தைராய்டு மாத்திரையை எழுந்ததுமே போட்டுவிட்டேன். அன்பாக மாத்திரையையும் பொடியையும் சேர்த்துக் கொடுத்தீர்களே, பொடி அதையும் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாதாம்! பொடி கைப்பையில் இருக்கிறது, மத்தியானம் குடிப்பேன்.

குக்கரில் சாதம், பக்கத்தில் எண்ணெய் ஊற்றாத கூட்டு. அப்பளம் வேண்டுமானால் நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வந்தால் எதிர்வீட்டு அஜீசா அக்கா வாங்கி வைப்பார்.

ரோஹிணி

பி.கு: எங்கே போனாலும் எனக்காக நீங்கள் தூக்கி வரும் மாற்றுத்துணிப் பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மறந்துவிட்டுப் போகவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள்.

வருவதானால் கையை வீசிக்கொண்டு வாருங்கள். மேலே காத்திருக்கிறேன்.