மூன்றாவது மாடியில் எத்தனை சென்ட்

வேளச்சேரி, சென்னை
5.7.2009

அன்புள்ள கிளீட்டஸ் மாமாவுக்கு,

பிரிஜா எழுதுகிறேன். போனில் பேசாமல் என்ன கடிதம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் போன் அடித்தால் அம்மாதான் முதலில் ஓடி வருவாள். இது இப்போதைக்கு அவள் காதில் விழக்கூடாது. அதனால்தான் உங்கள் மீன்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மேடவாக்கம் பக்கம் ஒரு பிளாட் பார்த்திருக்கிறேன். பதினைந்து லட்சம் சொல்கிறார்கள். பாங்கில் பன்னிரண்டு தருவார்கள். சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும், இருபது வருஷத்துக்கு. மீதி மூன்று லட்சத்துக்கு என்னிடம் இருப்பது ஐம்பதாயிரம். என்னோடு வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரி சபிதா, "ஏட்டி, இப்பதான் சம்பளத்தக் கண்ணால பாத்துருக்க, அதுக்குள்ள கழுத்துல கல்லக் கெட்டுதியா?" என்கிறாள்.

ஐந்து வருஷம் பொறுக்கலாம்தான். ஆனால் அம்மா? சுனாமியில் அப்பா போன நாளிலிருந்து அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் கட்டிலில் படுக்கிறாள். தண்ணீர் வந்தால் கால் முதலில் அறியுமாம். கடல் கேட்காத ஓர் இடத்தில் அவள் இரண்டு காலையும் மேலே வைத்துத் தூங்க வேண்டும், மாமா. அவ்வளவுதான் என் ஆசை.

வாங்கலாமா, வேண்டாமா? முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
பிரிஜா


குளச்சல்
12.7.2009

என் தங்க மருமகள் பிரிஜாவுக்கு மாமன் கிளீட்டஸ் ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது.

உன் கடிதத்தை ஏலக்களத்தில் நின்றே படித்தேன். படித்து முடிக்கும்வரை ஏலத்தை நிறுத்தி வைத்தார்கள். முதலாளி கடிதம் படிக்கிறார் என்று அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மீனுக்குக்கூட அது தெரியும், ஒரு மீன் துள்ளவில்லை.

வாங்கு, மக்களே! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வட்டிக் கணக்கு எனக்கு விரல்நுனியில். நான் ஏழாம் வகுப்போடு நின்றது படிப்பு வராமல் அல்ல. "இனி ஒனக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணும் இல்லடே" என்று வாத்தியாரே கும்பிட்டு அனுப்பி வைத்தார். மூன்று லட்சம் ஒரு பணமா? இந்த மாமன் ஒரு நாள் நெய்மீன் விற்ற காசு.

ஆனால் சென்னையில் எதற்கு? நீ எத்தனை சென்ட் என்று எழுதவில்லை. கிணறு வெட்டினால் எத்தனை அடியில் தண்ணீர், பாதை எத்தனை அடி அகலம், ஒன்றும் எழுதவில்லை. பதினைந்து லட்சத்துக்கு நம் பக்கத்தில் ஒரு கிராமமே வாங்கலாம். உன் கடிதம் வந்த மறுநாளே கொட்டாரத்துக்குப் போய், மனை விற்கும் முத்துநாயகத்தைப் பார்த்தேன். வயலோரம் எட்டு சென்ட் பிளாட். காதைத் தரையில் வைத்தாலும் கடல் கேட்காது. உன் பெயருக்குத்தான் என்று சொல்லி, வள்ளத்தில் என் பங்கைக் கொடுத்து, ஒரு லட்சம் அட்வான்ஸ் அவன் கையில் வைத்துவிட்டேன். உன் மாமி விக்டோரியா, "நீரு வாயால வள்ளம் ஓட்டுத ஆளு, உள்ள வள்ளத்தயும் வித்துட்டு வந்து நிக்கீரே" என்று சாமியாடினாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது.

அக்கா சுகம். என் கண்ணின் மணிபோல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் மாமன்
எஸ். கிளீட்டஸ், மீன் மொத்த வியாபாரம் மற்றும் ஏற்றுமதி


வேளச்சேரி
18.7.2009

அன்புள்ள மாமா,

ஆபீசில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மேனேஜரே எழுந்து பார்த்தார். நான் சொன்ன பிளாட் மனை இல்லை, மாமா. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. மூன்றாவது மாடி. அதில் சென்ட்டும் கிடையாது, கிணறும் கிடையாது. இரண்டு அறை, ஓர் அடுக்களை, துணி காயப்போட ஒரு பால்கனி. தண்ணீர் அம்மாவைத் தேடி வர வேண்டுமென்றால் நாற்பத்தெட்டு படி ஏற வேண்டும்.

ஆனால் அந்த ஒரு லட்சத்தை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. உங்கள் வள்ளப் பங்கு போயிற்றா? உடனே போய்த் திருப்பி வாங்குங்கள். என்னால் உங்களுக்கு நட்டம் வந்தால் எனக்குத் தாங்காது. பணம் முடியாதென்றால் சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே மாடியில் வாடகை வீடு கிடைக்கிறது. அடுத்த மாதமே அம்மாவை அழைத்துக்கொள்கிறேன்.

பிரிஜா


குளச்சல்
26.7.2009

அருமை மருமகளுக்கு,

உன்னைச் சிரிக்க வைக்கத்தானே அப்படி எழுதினேன்! நீ நம்பிவிட்டாயா? மாடி பிளாட் எனக்குத் தெரியாதா? துபாயில் நான் இருந்தது நாற்பதாவது மாடி. காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும். விரட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

அட்வான்ஸ் கொடுத்தேன் என்றதும் தமாஷ்தான். மனையைப் பார்க்காமல் யாராவது ஒரு லட்சம் கொடுப்பார்களா? வள்ளம் கடலில் நிற்கிறது, பங்கு என் கையில் நிற்கிறது.

வாடகை வீடெல்லாம் வேண்டாம். கிளீட்டஸின் அக்கா வாடகை வீட்டில் இருந்தாள் என்று குளச்சலில் பேச்சு வந்தால் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? உன் ஐம்பதாயிரத்தைக் கட்டி பிளாட்டைப் பேசி முடி. மிச்சம் இரண்டரை லட்சம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் கையில் இருக்கும். மாமன் சொன்னால் சொன்னதுதான்.

மாமன்
எஸ். கிளீட்டஸ்


வேளச்சேரி
4.1.2010

அன்புள்ள மாமாவுக்கு,

கிறிஸ்துமஸ் போயிற்று, புதுவருஷமும் போயிற்று. பில்டர் இந்த மாதக் கடைசிவரைதான் தவணை தந்திருக்கிறார். அதற்குமேல் கட்டிய ஐம்பதாயிரம் திரும்ப வராது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது, மாமா. ஆனால் நீங்கள் சொன்னதால்தான் கட்டினேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது. "பனிக்குத் தொண்ட கெட்டிருக்கு மக்களே" என்றாள். நிஜமா? லீவு போட்டு வரட்டுமா? தமாஷ் வேண்டாம், மாமா. உள்ளதை எழுதுங்கள்.

பிரிஜா


குளச்சல்
14.1.2010

கண்மணி பிரிஜாவுக்கு,

சிங்கப்பூர் பார்ட்டியின் பணம் தூத்துக்குடி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கையெழுத்துப் போடுகிறவருக்கு மகள் கல்யாணம். அதற்கும் நான்தான் முதல் வரிசையில் உட்கார வேண்டுமாம்.

அக்காவுக்கு என்ன குறை? பாறைபோல் இருக்கிறாள். இன்று காலையில் மூன்று தோசை, மீன்குழம்பை ஊற்றி ஊற்றித் தின்றுவிட்டு, நாலாவது எங்கே என்று உன் மாமியை அதட்டினாள். மாமி பயந்துபோய் எனக்கு வைத்ததையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நீ லீவு போடாதே. பாங்க் வேலையை முடி. லோன் கேட்டு அலைகிற நேரத்தில் வேலையில் நல்ல பெயர் வேண்டும். இது அக்கா சொல்லச் சொன்னது.

மாமன்
கிளீட்டஸ்


வேளச்சேரி
3.3.2010

மாமாவுக்கு,

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பி வந்துவிட்டேன். அங்கே உங்களோடு பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று தோசை என்று எழுதிய அன்று அம்மா நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தாள் என்று மாமி சொன்னார்கள். இதயத்தில் அடைப்பாம், அதற்கு முன்பே இரண்டு வாரமாக அங்கேதானாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னோடு பேசியது, நீங்கள் அவள் வாயருகில் பிடித்த உங்கள் செல்போனில். அம்மாவின் பெட்டியருகில் நான் நின்றபோது அந்தத் தோசைக் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

பிளாட் போயிற்று. கட்டிய பணமும் போயிற்று. அதற்காக அழவில்லை. இருபத்திரண்டு வயதில் என்னால் ஒரு வீடு வாங்க முடியாது. அதைச் சபிதாவும் சொன்னாள், பாங்கும் சொன்னது. உங்களைத்தான் நம்பினேன். நீங்கள் ஒரே ஒரு தடவை "எங்கிட்ட இல்ல மக்களே" என்று எழுதியிருந்தால் போன ஆகஸ்டிலேயே அம்மா ஏதோ ஒரு வாடகை மாடியில் ஏறியிருப்பாள். ஆறு மாதம் தூங்கியிருப்பாள்.

கொட்டாரத்தில் என் பெயருக்கு இடம் இருப்பதாகப் பூசையன்று சொன்னீர்கள். வேண்டாம் மாமா. இனி உங்கள் வாயிலிருந்து வருவதில் எது உள்ளது, எது இல்லாதது என்று பிரிக்க எனக்குத் தெம்பில்லை.

எனக்கு எழுத வேண்டாம்.

பிரிஜா


குளச்சல்
26.12.2011

மருமகள் பிரிஜாவுக்கு,

எழுத வேண்டாம் என்று நீ சொன்ன பிறகு இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். ஒன்றும் திரும்பி வரவில்லை. அதனால் விலாசம் சரி என்று நினைக்கிறேன்.

இன்று சுனாமி பூசை. ஆயரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு... இல்லை. ஆயர் வரவில்லை. பங்குச்சாமியார்தான். உன் மாமி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள். "இதுலயும் பொய் எழுதினீருண்ணா கடிதத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன்" என்கிறாள். கூட்டமும் அதிகமில்லை. வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. உன் அப்பா பெயரை வாசித்தபோது நான் எழுந்து நின்றேன்.

ஒன்று உனக்குச் சொல்லவில்லை. அக்கா கிடந்த ஆஸ்பத்திரி வார்டு மூன்றாவது மாடி. நீ அதைப் பார்க்கவில்லை, உடலைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் வந்தாய். முதல் நாள் கட்டில் உயரமாக இருந்தது, அவளுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. தவித்தாள். இரண்டாம் நாள் ஜன்னல் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எலே கிளீட்டஸு, இங்க கடல் கேக்கல பாத்தியா" என்றாள். அப்புறம் இரண்டு காலையும் மேலே எடுத்து வைத்தாள். கடைசிவரை அப்படியேதான் தூங்கினாள். "பிள்ளைட்ட சொல்லிராத, லோனுக்கு அலையுத பிள்ள, எல்லாத்தயும் போட்டுட்டு ஓடி வந்துருவா" என்றும் அவள்தான் சொன்னாள். பிளாட் விஷயத்தை நான்தான் அவளிடம் உளறியிருந்தேன். தோசையை மட்டும் நான் சேர்த்தேன். நாலாவது தோசையை எழுதும்போது அவள் நிஜமாகவே தின்கிற மாதிரி இருந்தது எனக்கு.

வள்ளப் பங்கு விற்றது உண்மை. முத்துநாயகம் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்றான். பத்திரம் போட்டுத் தா என்று இரண்டு வருஷமாக அவன் வாசலில்தான் இருந்தேன். போன மாதம்தான் போட்டுக் கொடுத்தான், உன் பெயரில். மயிலாடியிலிருந்து நாலு எல்லைக்கல் வாங்கி மூலைக்கு ஒன்றாக நட்டேன். ஒரு கல்லில் மட்டும் அக்கா பெயரை, செசிலி என்று கொத்தச் சொன்னேன்.

நீ வந்து பார்க்க வேண்டாம். விற்றாலும் விற்றுக்கொள். வந்தால் கொட்டாரம் சந்தியில் இறங்கி வயல் பாதையில் நட. தண்ணீர் கிடக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்.

இரண்டு சென்ட்தான், மக்களே. எட்டு என்று எழுதத்தான் கை வந்தது.

கிளீட்டஸ்