உயிரெழுத்து இல்லாத வார்த்தை

வியாழன், பௌர்ணமி

கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. வேங்கிக்கால் ஆபீசிலிருந்து நடந்தே வீடு வந்தேன். கால் விண்விண்ணென்று வலிக்கிறது. ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் அதில்லை.

என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு குழறுகிறது. வார்த்தைகள் திரும்பி வரட்டும் என்று தினமும் சாயங்காலம் ஸ்க்ராபிள் என்கிற இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு ஆடுகிறோம். எழுத்துக் கட்டைகளை அவர் எப்படி அடுக்கினாலும் சரி என்று பாயிண்ட் போட்டுவிடுவேன். மனசு உடைந்துவிடக் கூடாதே.

இன்று சி, டபிள்யூ, எம் என்று வைத்தார். நடுவில் ஓர் உயிரெழுத்துகூட இல்லை. வழக்கம்போல, "சூப்பருங்க, நல்ல வார்த்தை" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அர்த்தம்... சொல்லு."

நான் விழித்தேன். இடது கையால் என் போனை என் பக்கம் தள்ளினார். தேடிப் பார்த்தேன். மலைச்சரிவில் கிண்ணம் மாதிரி குடைந்திருக்கும் பள்ளமாம். 'கூம்' என்று படிக்க வேண்டுமாம்.

"நெஜமாவே இருக்குதுங்க."

"இத்தினி நாளா... சும்மாவா... பாயிண்ட் போட்ட?"

போனைக் கீழே வைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மனுஷன் உள்ளே அப்படியே இருக்கிறார்.

கட்டைகளைப் பையில் போடும்போது, "நாளைக்கு... ஒழுங்கா ஆடு" என்றார்.

ஆடத்தான் வேண்டும். ஆனால் இவரை ஜெயிக்க எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதாது.