நட்சத்திரம் போட்ட சீலிங்

அக்டோபர் 4

இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலாம் அறையின் கூரையிலிருந்து கான்கிரீட் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. ஒரு ரொட்டி அளவு இருக்கும். ஆய்பெரியின் பெஞ்சுக்கும் கரியடுப்புக்கும் நடுவில், தரையில். அரை அடி தள்ளி விழுந்திருந்தால்? எழுதவே கை வரவில்லை.

பிள்ளைகள் அழவில்லை. ஆய்பெரி மட்டும் மேலே பார்த்து, "டீச்சர், மேல யாரு இருக்கா?" என்றாள்.

துண்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியர் ஜூமாபெக்கின் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "பழைய கட்டடம்னா கொஞ்சம் உதிரத்தான் செய்யும் சாய்ரா டீச்சர். எனக்கு முடி உதிரலையா?" சொல்லிவிட்டு வழுக்கையைத் தடவிக்கொண்டார். என்ன சிரிப்பு அதில்!

அக்டோபர் 5

அந்தத் துண்டை அவர் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 17

நவம்பரில் மாவட்டத்திலிருந்து கமிஷன் வருகிறது. எந்தப் பள்ளிக்குக் கூரை மாற்றுவது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அப்பாடா. வந்து ஒரு முறை அண்ணாந்து பார்த்தால் போதும், நாலாம் அறையின் விரிசலே எல்லாவற்றையும் சொல்லிவிடும். குளத்தில் பனிக்கட்டி பிளப்பது மாதிரி சுவருக்குச் சுவர் ஓடுகிறது.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தாலாயிடம் சொன்னேன். "உங்க பழைய கிளாஸ் ரூம்தான். சீலிங் கொட்டுது. பிள்ளைங்கள உக்கார வைக்கவே பயமா இருக்கு." அவர் காதில் ஏதாவது விழுந்ததா, தெரியாது. அவர்கள் செட் பள்ளி முடித்து இருபது வருஷம். மாஸ்கோவில் வேலை பார்ப்பவன், தலைநகர் பிஷ்கெக்கில் டாக்சி ஓட்டுபவன் என்று ஒவ்வொருவனாய்ப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கு என்ன பரிசு கொடுப்பது என்பதுதான் பேச்சு. சென்ற வருஷம் இருபது முடித்த செட் வாசலில் பெரிய இரும்பு கேட் வைத்துவிட்டுப் போனது. அதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டுமாம்.

"கவலைப்படாத சாய்ரா. பாத்துக்கலாம்" என்றார் போனைப் பொத்திக்கொண்டு.

நவம்பர் 9

இலையுதிர்கால விடுமுறை முடிந்தது. காலையில் நாலாம் அறையைத் திறந்தேன். வேறு ஏதோ அறைக்குள் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

கூரையைக் காணோம். விரிசலைக் காணோம். சுவருக்குச் சுவர் பளபளவென்று நீல பிளாஸ்டிக் சீலிங், இழுத்துக் கட்டி, அதில் வெள்ளி நட்சத்திரம். கல்யாண மண்டபங்களில் இப்போது போடுகிறார்களே, அதுவேதான். கதவுக்கு மேல் பித்தளைத் தகடு: இருபதாண்டு நிறைவு, அன்புப் பரிசு. பின்னால் தாலாயும் கூட்டாளிகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஜூமாபெக் கை தட்டுகிறார். பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

கூரை உதிருதுன்னுதானய்யா சொன்னேன்? உதிர்ற கூரைக்குக் கீழ ஜிகினா கட்டிட்டு வந்து நிக்கிறீங்களே!

அத்தனை பேர் முன்னால் எதுவும் சொல்லவில்லை. சிரித்தேனா? சிரித்திருப்பேன்.

நவம்பர் 10

வீட்டில் வெடித்துவிட்டேன். "நீதானடி சீலிங் கொட்டுதுன்ன. உனக்காகத்தான் எல்லார்கிட்டயும் பேசி முடிச்சேன். இரும்பு கேட்டெல்லாம் வேணாம், சீலிங் போடலாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான். ஆனால் அதற்காக?

"கொட்டுறது மேல இருக்கிற கான்கிரீட்டுங்க. அது இன்னும் அங்கேயேதான் இருக்கு. இப்ப கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"பயப்படாம உக்காரலாம்ல?"

இந்த மனுஷனிடம் என்ன சொல்ல. நல்லவர். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் பெரிய பாடு.

நவம்பர் 22

கமிஷன் வந்தது, போனது.

ஜூமாபெக் ஆடு அடித்திருந்தார். மரியாதைக்காகக் கமிஷன் தலைவருக்கு முன்னால் ஆட்டுத் தலையை வைத்தார்கள். அவர் காதை அறுத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்துத்தான் கட்டடம் பார்க்க எழுந்தார். நாலாம் அறையில் அண்ணாந்து பார்த்தார். "அட, எங்க ஆபீஸ்லயே இப்படி இல்லையே!" ஜூமாபெக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார்.

நான் குறுக்கே போனேன். "ஐயா, இதுக்கு மேல பாருங்க. ஸ்லாப் பிளந்து கெடக்கு. கம்பி துருப்பிடிச்சுப் போச்சு." அவரோடு மீரிம் என்று ஓர் இளம் இஞ்சினியர் பெண் வந்திருந்தாள். அவள் மட்டும் நின்றாள். "மேல பாக்கணும்னா இத அவுக்கணும் அக்கா. அவுக்கலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜூமாபெக் முந்திக்கொண்டார். "அன்பளிப்பும்மா அது! கொடுத்தவங்க கண்ணு முன்னால கிழிக்கிறதா? டீ ஆறுது, வாங்க."

கொடுத்தவர்களில் ஒருவர் வாசலில்தான் நின்றிருந்தார். பார்த்தேன் அவரை. ஒரு வார்த்தை, 'அவுத்துடுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். தாலாய் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். கட்டித்தான் இருந்தது அது.

எங்கள் பள்ளிக்கு இந்தத் தடவை கூரை இல்லை. 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டார்கள்.

நவம்பர் 23

தாலாய்க்கு நூடுல்ஸ் செய்து வைத்தேன், நான் சாப்பிடவில்லை.

டிசம்பர் 3

சீலிங்கை நானே கிழிக்கப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தாலாயின் செட் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. மாஸ்கோவிலிருந்து ஒருவன்: "தாலாய், உன் பொண்டாட்டிய அடக்கி வைக்க முடியலையா?" இன்னொருத்தி: "நாங்க குளிர்ல வேல செஞ்சு அனுப்புனது. டீச்சரம்மாவுக்குத் தங்கத்துல வேணும் போல."

தாலாய் பதில் போடவில்லை. எனக்காகவும் பேசவில்லை, அவர்களுக்காகவும் பேசவில்லை. அதுதான் எரிகிறது.

ஜனவரி 18

வகுப்பை நூலகத்துக்கு மாற்றினேன். ஜூமாபெக் திருப்பி அனுப்பினார்: "நல்ல ரூம விட்டுட்டு ஏன் இங்க வந்து இடிச்சுக்கிறீங்க?" சரி என்று பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் தள்ளி நடுவில் வெறுமையாக விட்டிருக்கிறேன். பெற்றோர் கேட்டால், ஆடிப் பாட இடம் என்கிறேன். பிள்ளைகளும் நம்பி நடுவில் போய் ஆடுகிறார்கள்! கத்திக் கத்தி ஓரத்துக்கு இழுக்கிறேன். எனக்குப் பைத்தியம் என்று ஊரில் பேச்சு.

மேலே எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கீழே நிற்பது, முன்பைவிடக் கொடுமை. முன்பாவது தினமும் பார்த்துக்கொள்வேன்.

மார்ச் 14

வெயில் அடிக்கத் தொடங்கிவிட்டது. கூரைப் பனி உருகுகிறது. நாலாம் அறையில் சீலிங் நடுவே தொப்பை போட்டிருக்கிறது. நிறைமாத வயிறு மாதிரி தொங்குகிறது. நட்சத்திரமெல்லாம் இழுபட்டுத் தட்டு அளவு. பெஞ்சு மேல் ஏறித் தடவினேன். தண்ணீர். தண்ணீருக்குள் கட்டி கட்டியாய் ஏதோ உருண்டது.

பிள்ளைகளை வெளியே ஓட்டிக் கதவைப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில். ஜூமாபெக், "ஒரு ஓட்டையப் போட்டுத் தண்ணிய எறக்குனா சரியாப் போயிரும். பரிசு கொடுத்தவங்களையே கூப்புடுங்க" என்றார்.

கூப்பிட்டேன். சந்தோஷமாகக் கூப்பிட்டேன்.

மார்ச் 15

தாலாய் ஏணி, வாளி, ரப்பர் குழாயோடு வந்தார். என்னைப் பார்க்காமலே மேலே ஏறி ஓரக் கொக்கியைக் கழற்றினார். தண்ணீர் கறுப்பாய்க் கொட்டியது, வாளி போதவில்லை. பிறகு கற்கள். ஒவ்வொன்றாகத் தரையில் போட்டார். ஐந்தாறுக்கு மேல் போடவில்லை. பிளாஸ்டிக்கை விலக்கித் தலையை உள்ளே விட்டார். அப்படியே நின்றார்.

"வெளிய போ சாய்ரா." கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

இறங்கி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் ஸ்லாப்பின் நடுப்பகுதி, ஒரு கதவு அகலம், நட்சத்திரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து விழுந்தது. ஏணி நசுங்கிவிட்டது. சுவரோரப் பெஞ்சுகளில் தூசி மட்டும்.

தூசி அடங்க வெகு நேரம் ஆனது. நடைபாதையில் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், முழங்கால் மோவாயில் இடிக்க.

"நீ சொன்னது இதத்தானா?"

"ஆறு மாசமா வேற என்னத்தச் சொன்னேன்?"

திட்ட நிறைய வைத்திருந்தேன். ஆனால் அழுதுவிட்டேன். பாவி மனுஷன், ஏணியில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால்?

மார்ச் 16

விழுந்து கிடந்த ஸ்லாப்பை வீடியோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுத் தாலாயே எழுதினார்: "இதுதான் நம்ம பரிசு. அவளத் திட்டுனவங்க எல்லாம் நல்லாப் பாருங்க. நானும் பாத்துட்டேன்."

ஏப்ரல் 11

கமிஷன் மறுபடி வந்தது. இம்முறை ஆடு இல்லை. மீரிம் எல்லா அறையின் கூரையிலும் சுத்தியால் தட்டிப் பார்த்தாள். பழைய கட்டடம் முழுவதும் மூடச் சொல்லிவிட்டாள். சரி, கூரை? "அடுத்த வருஷம் அக்கா. இந்த வருஷத்துக்கு எல்லாம் ஒதுக்கி முடிச்சாச்சு." தலைவர் தலையை ஆட்டினார். அடுத்த வருஷமாம்! எட்டு வகுப்பும் ஜிம்மில், ஒரே கூச்சல், முறை வைத்து. நாங்கள் பெருக்கல் சொல்லும்போது அந்தப் பக்கம் பந்து அடிக்கிறார்கள்.

மே 2

தாலாய் போனை வைக்கவே மாட்டேன் என்கிறார். செட்டில் ஒருவன் கிரேன் ஓட்டுகிறான். ஒருத்தியின் தம்பிக்கு மரக்கடை. மாஸ்கோக்காரன் விடுமுறை கேட்டிருக்கிறானாம். 'உன் பொண்டாட்டிய அடக்கி வை' என்றானே, அவனேதான். நாமே ஆள் சேர்த்துக் கூரை மாற்ற யாருடைய உத்தரவும் வேண்டாம், மீரிம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்கிறார். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்றிருக்கிறாள்.

நான் நம்பவில்லை. நம்பி நம்பிப் பட்டது போதாதா?

ஜூன் 27

ஸ்லாப்புகளை இறக்கிவிட்டார்கள். நாலாம் அறையிலிருந்து பார்த்தால் நேராக வானம். ஊரில் பாதி அங்கேதான். நான் மாவு பிசைந்து போர்சோக் பொரித்துக் கொண்டுபோனேன். மாஸ்கோக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டான். "அக்கா, அந்த மெசேஜ அழிச்சுட்டேன்." "நான் அழிக்கலடா" என்றேன்.

மரச் சட்டம், மேலே தகரம். லேசான கூரை, நிலம் நடுங்கினாலும் தலையில் இறங்காது என்கிறாள் மீரிம்.

செப்டம்பர் 1

திறப்பு விழா. ஜூமாபெக் பேசினார்: "நான் ஆரம்பத்துலேருந்தே சொல்லிக்கிட்டிருந்தேன்..." பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் கதவுக்கு இன்னும் அதே துண்டுதான் முட்டு. பித்தளைத் தகட்டைத் திரும்ப மாட்டவா என்று அவர் கேட்டதற்குத் தாலாய் வேண்டாம் என்றுவிட்டார். கிழிந்த நட்சத்திர பிளாஸ்டிக் எங்கள் வைக்கோல் போரை மூடியிருக்கிறது. மாடு அதை நக்குகிறது.

செப்டம்பர் 19

நல்ல மழை. தகரத்தில் அது போடும் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. கழித்தலாவது ஒன்றாவது! இதை யாராவது யோசித்தார்களா? தொண்டை கட்டிவிட்டது. பெஞ்சுகளை நடு அறையில் போட்டிருக்கிறோம்.

ஆய்பெரி இப்போது மூன்றாம் வகுப்பு. தண்ணீர் குடிக்கப் போனவள் எங்கள் கதவில் தலையை நீட்டி, கையைக் குவித்துக் கத்தினாள்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் மறுபடியும் வந்துட்டார்!"

நடைபாதையில் நின்றிருந்தார், சொட்டச் சொட்ட நனைந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேலேயே பார்த்தபடி. மழை பெய்தால் வந்துவிடுகிறார். ஒழுகுகிறதா என்று பார்க்கிறாராம். ஒழுகவில்லை என்று சைகை காட்டினேன். தலையாட்டினார். ஆனாலும் மழை விடும்வரை போகவில்லை.